எரரே இல்லீங்க

கோவையில் காந்திபுரத்தைத் தாண்டிச் சத்தி ரோட்டில் போனால், பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைகளின் வாசல்களில் பெரிய வண்டிகள் கழுவித் துடைத்து நிற்கும். ஆடி க்யூ7, பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, பென்ஸ் எம்.எல். ஷோரூமை விட்டு வந்தபோது முக்கால் கோடி, ஒரு கோடி என்று இருந்தவை பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் புது இன்னோவாவின் விலைக்கும் கீழே இறங்கிவிட்டன. சிலவற்றின் ஆர்.சி. புத்தகத்தில் டெல்லி முகவரி இருக்கும். பத்து வயது கடந்த டீசல் வண்டி தலைநகரில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. அங்கே கழித்தது இங்கே கௌரவமாக வந்து இறங்குகிறது. விலை ஏன் இவ்வளவு விழுந்தது என்று கேட்பவர் குறைவு. இன்னும் ஐம்பதாயிரம் குறைக்கக் கேட்பவர் அதிகம்.

இத்தனைக்கும் இந்த ஊர்க்காரருக்கு இயந்திரம் புதிதல்ல. 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் மலையிறங்கி வந்தபின் மில்லும் பம்ப்செட்டுமாக வளர்ந்த ஊர் இது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்ததும் இங்கேதான். தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் களத்தில் நின்றே கேட்டுவிட்டு, "பேரிங் போகுதுங்க" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தக் காதோடுதான் இந்த வண்டியையும் பார்க்கப் போகிறார்கள். பானட்டைத் தூக்குகிறார்கள், ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள், புகையின் நிறம் பார்க்கிறார்கள், ஆயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். எல்லாமே சரியான சோதனைகள்தான். ஆனால் இந்த வண்டிகள் பெரும்பாலும் இன்ஜினால் சாவதில்லை. இவற்றின் வியாதிக்குச் சத்தம் கிடையாது.

பாஷ் நிறுவனம் 1986இல் உலகத்துக்குக் காட்டிய ‘கேன்’ என்ற ஏற்பாட்டில், வண்டிக்குள் இருக்கிற சின்னச் சின்னக் கணினிகள் இரண்டே கம்பிகளில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சொகுசு வண்டியில் அப்படிப்பட்ட பெட்டிகள் டஜன் கணக்கில் உண்டு. கதவுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, ஏர் சஸ்பென்ஷனுக்கு ஒன்று. அவற்றில் பல இருக்கைக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்குக் கீழும் டிக்கியின் பள்ளத்திலும், அதாவது தண்ணீர் முதலில் போய்த் தேங்குகிற இடங்களில், வைக்கப்பட்டிருக்கின்றன. ஜெர்மன் பொறியாளர் மழையை மறந்தவர் அல்ல. சன்ரூஃபில் விழும் நீர் இறங்கிப்போகக் குழாய் வைத்தே கட்டினார். வேப்பஞ்சருகும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிடும் என்பதை ஒருவேளை அவர் எண்ணியிருக்கமாட்டார். அடைத்தால் நீர் தூண் வழியாக உள்ளே இறங்கிக் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சில் ஊறும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் பித்தளை முனைகளில் களிம்பு பிடித்துக்கொண்டிருக்கும்.

இது மெதுவான வழி. வேகமான வழியும் இருக்கிறது. ஒரு நல்ல மழைக்கு லங்கா கார்னர் பாலமும் அவிநாசி ரோடு சுரங்கப்பாதையும் குளமாகிவிடும். 2015 டிசம்பரில் சென்னையே நீரில் நின்றது. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கணக்கில் அந்த வண்டி முழு நஷ்டம். கணக்கில் செத்த வண்டியின் உடல் ஏலத்துக்குப் போகும். சில உடல்கள் அதற்குப் பிறகும் எழுந்து நடக்கும். நன்றாகக் கழுவினால் சேறு போய்விடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தால் கறைக்கோடு தெரியலாம். சீட்டின் தண்டவாளத்தில் துரு இருக்கலாம். ஃபியூஸ் பெட்டியின் மூலையில் மண் இருக்கலாம். குனிந்து பார்க்க வேண்டும். வெள்ளை வேட்டியோடு வந்தவருக்கு அது சிரமம்.

கடைக்காரர் குனியச் சொல்லமாட்டார். அவரிடம் ஸ்கேனர் இருக்கிறது. "ஸ்கேன் போட்டுப் பாத்தாச்சுங்க, எரரே இல்லீங்க" என்பார். அந்த நிமிடத்தில் அது பொய்யும் அல்ல. பிழைகளை அழிக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் அழித்ததற்கும் தடயம் உண்டு. பிழைகள் துடைக்கப்பட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல வண்டிகள் குறித்து வைத்திருக்கும். தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வேலைகள் இன்னும் முடியவில்லை என்றும் காட்டும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் நினைவு நேற்று மாலைதான் தொடங்குகிறது என்றால், அந்த வெற்றுத் திரைதான் படிக்க வேண்டிய அறிக்கை. ஸ்கேனரிலும் ஆயிரம் ரூபாய்ச் சாதனம் பெரும்பாலும் இன்ஜினோடுதான் பேசும். ஏர்பேக், சஸ்பென்ஷன், கதவுப் பெட்டிகளைப் படிக்க அந்தந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும்.

டேஷ்போர்டிலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியும் விளக்கைக் கண்டால் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் நிம்மதி அடைகிறார்கள். பயப்பட வேண்டியது அப்போதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனைக்கு வேண்டியது கருவி அல்ல, பொழுது. வண்டியைப் பூட்டிவிட்டால் அரை மணி, முக்கால் மணியில் எல்லாப் பெட்டிகளும் தூங்கிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் ஐம்பது மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்க வேண்டும். ஏதோ ஒரு பெட்டி தூங்காமல் அரை ஆம்பியர் உறிஞ்சிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஆம்பியர்-மணி போகும். இந்த வண்டிகளின் பெரிய பேட்டரியும் ஒரு வாரம் தாங்காது. பகல் பதினொரு மணிக்கு, ஏற்கெனவே சூடேற்றி வைத்த வண்டியில் அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஒரு சுற்றுப் போய்வந்தால் இதில் எதுவும் தெரியாது. ஒரு ராத்திரி பூட்டி வைத்து, விடியற்காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வியாபாரமோ அந்த ஒரு ராத்திரி குறுக்கே வராத மாதிரி நடக்கிறது. இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறார் என்பார்கள். அட்வான்ஸ் கைமாறும். நல்ல நேரம் குறித்து, ஈச்சனாரி பிள்ளையார் கோயிலில் எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றுவதும் முடிவாகிவிடும். அதற்குப் பிறகுதான் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார்கள். அவர் என்ன சொல்வார்? வீட்டில் எல்லோருக்கும் படம் அனுப்பியாகிவிட்டது. குறை சொன்னால் பொறாமைக்காரன் ஆவார்; "பாத்துக்கலாமுங்க" என்றால் நல்லவராகவே இருந்துவிடலாம். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இந்த வண்டியைக் கொடுத்தவரும் ஒருநாள் இப்படி அவசரமாக வாங்கியவராக இருக்கலாம். மூன்றாவது மாதம் அப்படியொரு பெட்டியின் விலை தெரிந்து, நான்காவது மாதம் வாயைத் திறக்காமல் விற்றிருக்கலாம்.

பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. திருட்டு வண்டி, பெயர் மாற்றாத வண்டி போன்ற தலைவலிகளுக்கு அது நல்ல மருந்து. பெயர் மாற்ற 29, 30 என்று இரண்டு படிவங்கள். தண்ணீரில் நின்ற வண்டியா என்று கேட்கும் கட்டம் இரண்டிலும் இல்லை. ஆகவே கேட்க வேண்டியவர் வாங்குபவர்தான், அதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்: ராத்திரி இங்கேயே பூட்டி வைங்க, காலையில ஆறு மணிக்கு எலக்ட்ரீஷியனோட வர்றனுங்க, அதுவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க. சம்மதிக்கும் கடைகளும் இருக்கும். மறுத்தால் சோதனை அங்கேயே முடிந்தது. எலக்ட்ரீஷியனுக்குக் கூலியும் மிச்சம்.