மாசு எவரைச் சாரும்?

ஒரு பொருளுக்காக உயிர் மாய்ந்தால், அப்பழி செய்த கையைச் சாருமா? செய்வித்த வாயைச் சாருமா? சீனத்து அரண்மனைப் பட்டு விரிப்புகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட சிங் மரபினரின் பீக்கிங் அரண்மனைப் பெயர் தாங்கிய விரிப்புகள் இன்றும் உள்ளன. பட்டிழையும் உலோகச் சரிகையும் கலந்த அவற்றின் கரையில், இன்ன மாளிகைக்குரியது என்னும் எழுத்தும் நெய்யப்பட்டிருக்கும். அம்மாளிகைகளுள் ஒன்று சியென்சிங். ‘வானத்தின் தூய்மை’ என்பது அப்பெயரின் கருத்து.

பெயரோ தூய்மை, பட்டோ, கூட்டினுள் உறங்கும் புழுவை வெந்நீரிலோ ஆவியிலோ மாய்த்துப் பெறுவது. ஒரு கிலோ நூலுக்கு ஏறத்தாழ 5,000 கூடுகள் வேண்டும். பேரரசன் ஒரு புழுவையும் தன் கையால் கொன்றானில்லை. ஆயினும் அவன் பொருட்டன்றோ அவை மடிந்தன?

இத்தகைய வழக்கொன்று பகவன் புத்தர் காலத்தில் ஆளவி நகரில் எழுந்ததாக விநயம் கூறுகிறது. பிக்குகள் அறுவர் பட்டுத் தொழிலாளரை அணுகி, விரிப்புக்காகப் பட்டுக் கூடுகளை வேகவைத்துத் தருமாறு கேட்டனர். மனைவி மக்களைக் காக்கவே இக்கொலையைச் செய்கின்றோம், துறவிகளுக்கும் இது வேண்டுமோ என்று தொழிலாளர் வருந்தினர். பகவன் கடிந்தது பிக்குகளையே. பட்டுக் கலந்த விரிப்பைச் செய்விக்கும் பிக்கு, அதனைத் துறந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும் என விதித்தார்.

அன்பர்களே, நம் நாட்டு வழக்கம் இதற்கு நேர்மாறாக அன்றோ இருந்தது! திருநெல்வேலிச் சீமையினின்று மும்பைக்கு வந்து, தாராவியில் தோல் பதனிட்ட நம்மவரைத் தீட்டுடையார் என்றனர். அத்தோலாலான செருப்பை அணிந்தவருக்கோ அத்தீட்டு இல்லை. பட்டும் தோலும் உயிரின் உடலினின்றே வருவன. எனினும் பட்டு மடியாயிற்று, தோல் தீட்டாயிற்று. இப்பாகுபாட்டில் அறம் எங்கே? உடுப்போரின் உயர்வும் உழைப்போரின் தாழ்வுமே அதில் உள்ளன.

உழைப்போருக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் கூறவில்லை. கொல்லாமை அனைவர்க்கும் பொதுவான சீலம். ஆனால் வயிற்றுக்காகச் செய்பவனைவிட, பகட்டுக்காகக் கேட்பவனே முதலில் தன் நெஞ்சைச் சோதித்தல் வேண்டும்.

பிக்குகளுக்குரிய அவ்விதி இல்லறத்தாரைக் கட்டாது. எனினும் அதன் கருத்து நமக்கும் உரியதே. நம் இல்லத் திருமணத்துக்குப் பட்டுச்சேலை வாங்கக் கடையேறும் நாளில் கேட்போர் நாமே ஆகின்றோம். பருத்தியால் மணமகளின் சிறப்புக் குறையுமா என்பதை அன்று வீட்டாரோடு கூடி ஆராய்வோமாக.