இருட்டில் ஊற்றிய தண்ணீர்

ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ராத்திரி ஒரு செம்பு பால் கொண்டுவந்து கோயில் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டான். விடிந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர். எல்லோரும் சிறுவயதில் கேட்ட கதை. சொல்கிறவர்கள் ஜனங்களின் அயோக்கியத்தனத்துக்கு உதாரணமாக இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபத்தில் முடிகிற கதையாகப் படவில்லை. தண்ணீர் ஊற்றியவனின் கணக்கில் பிழை இல்லை. ஆயிரம் செம்புப் பாலில் ஒரு செம்புத் தண்ணீர் தெரியப்போவதில்லை. மற்றவர்கள் ஊற்றினால் தன் பால் தேவையில்லை. மற்றவர்கள் ஊற்றாவிட்டால் தன் பால் வீண். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் தண்ணீர்தான் புத்திசாலித்தனம். ஒவ்வொருவனும் சரியாக யோசித்து, எல்லோருமாகச் சேர்ந்து தவறிப்போகிறார்கள். இதில் குற்றவாளி யார் என்பதுதான் என் கேள்வி.

பொருளாதாரக்காரர்கள் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் நடப்பதால் உங்களுக்கு வெளிச்சம் குறைவதில்லை. காசு கொடுக்காதவனை மட்டும் இருட்டில் நிறுத்தவும் முடியாது. 1954இல் சாமுவேல்சன் இம்மாதிரிப் பொருள்களுக்குக் கணித ரூபம் கொடுத்தார். மேய்ச்சல் நிலம் வேறு வகை. அங்கே என் மாடு தின்ற புல் உங்கள் மாட்டுக்கு இல்லை. 1832இல் ஆக்ஸ்ஃபோர்டில் லாய்ட் என்பவர் இதைப் பற்றிப் பேசியிருந்தார். 1968இல் காரெட் ஹார்டின் அதை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். பொதுவில் கிடக்கும் புல்வெளியில் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை ஓட்டிவிடுகிறான். லாபம் அவனுக்கு, நஷ்டம் எல்லோருக்கும் பங்கு. கடைசியில் புல்லும் இல்லை, மாடும் இல்லை. ஆகவே பொது என்பதைத் துண்டுபோட்டுத் தனிச்சொத்தாக்கு, அல்லது அரசாங்கத்தின் கையில் கொடு என்பது அவர் முடிவு. பின்னாளில், 1994இல், நிர்வாகம் இல்லாத பொதுவுக்குத்தான் இந்தக் கதி என்று அவரே திருத்திக்கொண்டார். திருத்தத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஹார்டினின் புல்வெளியில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. எலினார் ஆஸ்ட்ரம் நிஜமான புல்வெளிகளைப் பற்றி எழுதினார். ஸ்விட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517லேயே ஒரு விதி இருந்தது: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் மலைக்கு ஓட்டலாம். ராஜாவும் போலீஸும் இல்லாமல், ஊரே எழுதி ஊரே பார்த்துக்கொண்ட விதி. இப்படிப் பல தேசங்களின் காடு, கால்வாய், மீன்பிடி நீர்களிலிருந்து உதாரணங்களைச் சேர்த்து ஆஸ்ட்ரம் 1990இல் புத்தகமாக்கினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

அவரைப் படித்த பிறகு பால் கதையில் நான் கவனிக்காமல் விட்டது கண்ணில் பட்டது. கதையில் முக்கியம் பால் அல்ல, ராத்திரி. பக்கத்து வீட்டுக்காரன் செம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத இருட்டில் செய்த கணக்கு அது. பகலாக இருந்தால் கணக்கு வேறு.

நம் ஏரிகள் பகலில் இருந்தவை. ஏரியில் பொருளாதாரக்காரர்கள் பிரித்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கரையைக் கட்டுவதும் வரத்துக்காலைத் தூரெடுப்பதும் பால் ஊற்றுகிற காரியம். மடையைத் திறந்து பாய்ச்சுவது புல் மேய்கிற காரியம். யார் மண்வெட்டியோடு வந்தான், யார் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். நம்மில் சிலர் இதை எழுதும்போது குரல் தழுதழுக்கிறது: பொற்காலம், கிராம சமுதாயம், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான். வெள்ளைக்காரன் கெடுத்தது உண்மை. ஆனால் குடிமராமத்தைக் காப்பாற்ற அவன் 1858இல் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். அந்தப் பெயரிலிருந்த கட்டாயம் அவனோடு கப்பலில் வந்ததல்ல. யாருடைய உழைப்பு, யாருடைய நிலத்துக்கு என்று கேட்டால் தழுதழுப்பு நின்றுவிடும். நீர்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பல ஊர்களில் அவர் தலித். தண்ணீரைப் பங்கிட்டவருக்குப் பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் சொல்லிக்கொள்ளும்படி நிலம் கிடையாது.

பால் கதைக்கே திரும்புவோம். பகலில் ஊற்றச் சொல்லியிருந்தால் எல்லோரும் பால் ஊற்றியிருப்பார்கள் என்று சொன்னேன். எல்லோரும் என்றால் யார்? சிலருடைய செம்பைப் பகலில் கோயில் தொட்டிக்குப் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டார்கள்.

இது கற்பனை அல்ல. மகாட் நகராட்சி 1924இல் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். வந்தவர்கள் அடிபட்டார்கள். குளத்துக்குச் சுத்திச் சடங்கு நடந்தது. அதற்கு மேல் சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. குளம் பொதுவே அல்ல, தங்கள் தனிச்சொத்து என்றார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த வாதத்தை 1937இல் தள்ளியது. யாரையும் விலக்க முடியாததே பொதுப்பொருள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. தண்ணீரின் குணத்தை மட்டும் பார்த்து எழுதிய வாக்கியம் அது.

இதையெல்லாம் நான் நியாயாதிபதி போல உட்கார்ந்து எழுதவில்லை. பாங்கில் விவசாயக் கடன் மேஜை என்னுடையது. 1969இல் பாங்குகள் தேசியமயமான பிறகு கிணற்றுக்கும் மோட்டாருக்கும் கடன் கிராமங்கள் வரை போயிற்று. 1990லிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசம். இன்று இங்கே பாசனத்தில் பாதிக்கு மேல் கிணற்றுப் பாசனம். ஏரிப்பாசனப் பரப்போ 1960களில் இருந்ததில் பாதிகூட இல்லை. கிணறு உள்ளவனுக்கு ஏரிக்கரை எப்படிப் போனால் என்ன? முதலில் கிணறு வெட்டியவர்கள் வசதியுள்ளவர்கள். கரை வேலையிலிருந்து முதலில் விலகியவர்களும் அவர்கள்தான். பக்கத்துக் கிணறு எத்தனை தூரம் என்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ஏரியைப் பற்றிக் கட்டம் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருந்த ஒருவர் வந்தார். காலனிக்காரர், என் அப்பா வயது. ஏரிப்பாசனம் என்றுதானே பட்டாவில் இருக்கிறது, கிணறு எதற்கு ஐயா என்று கேட்டேன். "ஏரித் தண்ணி எங்க வயலுக்கு எங்க சார் வந்துச்சு? கரை வேலைக்கு ஆளு கூப்பிட மட்டும் வருவாக" என்றார். மனுவை நான்தான் எழுதினேன். கிணறு வெட்டினார், நாலு போகம் எடுத்தார். தண்ணீருக்காக யார் வாசலிலும் நிற்கவில்லை.

அவரிடம் போய்ப் பொது நன்மை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊரின் கண்கள் அவர்மேல் இருந்தவரை அவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. கண்களிலிருந்து தப்பிய பிறகுதான் கிடைத்தது. ஆஸ்ட்ரம் சொல்லும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சமூகம் எனக்கும் வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு உரிமையுள்ளவன், பார்க்கப்படுவதற்கு மட்டுமே உள்ளவன் என்று இரண்டு ஜாதி இருக்கும்வரை அந்தப் பகலைவிட இருட்டு மேல் என்று ஒருவன் நினைத்தால் அது அயோக்கியத்தனம் அல்ல. விதி எழுதும் இடத்தில் கடைமடைக்காரனும் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு அவன் தண்ணீர் ஊற்றினால் குற்றம் சொல்லலாம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிணற்று ஊற்று ஏரியிலிருந்து வருவது. வரத்துக்கால் தூர்ந்து ஏரி நிரம்பாமல் போன இரண்டாவது வருஷம் மேட்டுக் கிணறுகள் இன்னும் ஆழம் போயின, போர் இறங்கியது. அவர் கிணறு அடியில் பாறையைக் காட்டியது. மூன்று தவணை நின்றுவிட்டது. நோட்டீஸை நான்தான் அடித்தேன். இந்த வருஷம் அதே கடைமடையிலிருந்து இன்னும் இரண்டு மனுக்கள் வந்திருக்கின்றன. எழுதித்தான் கொடுத்தேன்.