ஒரு சின்னத் தகடு

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய டீசல் கார் ஒன்று ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. மெக்கானிக் இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றிக் காட்டுகிறார். எஞ்சினுக்குள் காற்று போகவேண்டிய வழி அது. இரண்டு விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல் நுழையவில்லை. உட்சுவரெல்லாம் தாரைப்போல் கரி அப்பிக் கிடக்கிறது.

இந்தக் கரி எங்கிருந்து வந்தது? அதைக் கேட்கும்போதுதான் விஷயம் யந்திரத்தை விட்டு மனிதனிடம் வருகிறது.

எஞ்சின் வெளியே விடும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, உள்ளே போகும் காற்றோடு கலக்கும் பாதை ஒன்று உண்டு. பட்டறையில் இ.ஜி.ஆர். என்பார்கள். எரிந்து முடிந்த புகை கலந்தால், உள்ளே எரியும் சூடு தணிகிறது. தணியாவிட்டால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி, நுரையீரலைப் புண்ணாக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அதிகமாக உண்டாகும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கண்ணைக் கரித்த புகைமூட்டம், இந்த ஆக்ஸைடுகளும் எரியாத எரிபொருள் ஆவியும் வெயிலில் சமைந்து உண்டானது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார்.

ஆக, அந்தப் பாதை காருக்காக வைத்ததல்ல. காருக்கு வெளியே மூச்சுவிடுகிறவர்களுக்காக வைத்தது. எஞ்சின் தன் கழிவில் ஒரு பங்கைத் தானே விழுங்குகிறது. அந்தப் புகைக்கரியும், கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து நாளடைவில் அதன் தொண்டையை அடைக்கின்றன.

இங்கே மெக்கானிக் ஒரு யோசனை சொல்வார்: "சார், சுத்தம் பண்ணி மாட்டிடறேன். சின்னதா ஒரு தகடு வெட்டி அந்த வழியை அடைச்சுட்டா, இனிமே இந்தத் தொல்லையே இருக்காது."

அவர் சொல்வதில் பொய் இல்லை. பழைய கார்கள் பலவற்றில் தகடு வைத்தால் கரி படிவது வெகுவாகக் குறையும். பின்னால் வரும் புகையும் குறையும். டீசல் காருக்குச் செய்யும் வழக்கமான புகைச் சோதனை கருமையைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடு அதற்கு அகப்படாது. அடைத்தவர் நற்சான்றிதழோடு வீடு திரும்பலாம்.

2015-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி, சோதனையில் ஒரு விதமாகவும் சாலையில் ஒரு விதமாகவும் நடக்கும் கார்களை விற்றது வெளிப்பட்டது. சாலையில் அவை அமெரிக்கச் சட்டம் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடைக் கக்கின. உலகம் கொதித்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் தகட்டுக்கும் அந்தச் சூழ்ச்சிக்கும் அளவில்தான் பேதம், குணத்தில் இல்லை.

"என் ஒரு காரால் ஊர்க்காற்றே கெட்டுவிடுமா?" என்று கேட்கலாம். கெட்டுவிடாது. ஆனால் ஊர்க்காற்று என்பது நாம் வைத்துக்கொண்ட பெயர். உண்மையில் இருப்பது, சிக்னலில் நமக்குப் பின்னால் நிற்கும் ஒருவரின் மூச்சு.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரு நாள் பட்டறையில் போனால் ஒரு நாள் வருமானம் போயிற்று. அவரிடம் தர்மம் பேச வாய் கூசத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய வண்டிக்குப் பின்னால் ஸைக்கிளில் வருகிறவரும் அன்றாடங்காய்ச்சிதான். தகடு செலவைக் குறைக்கவில்லை; அதை அவர் தலையில் மாற்றி வைக்கிறது.

நேரான வழி கொஞ்சம் அழுக்கான வழி. மானிஃபோல்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, கரைப்பானில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு துணுக்கும் எஞ்சினுக்குள் விழாமல், புதுக் கேஸ்கெட் வைத்துப் பூட்ட வேண்டும். சீக்கிரமே மறுபடி அடைத்தால் வேறு நோய் இருக்கிறதென்று அர்த்தம்: வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம், எண்ணெய் அளவுக்கு மீறி வரலாம். தகடு வைத்தவருக்கு அந்த நோயும் தெரியாமலே போகும்.

சட்டத்துக்குப் பயந்து செய்வது எளிது. பிறர் மெச்சச் செய்வதும் எளிது. செய்யாவிட்டால் தனக்குச் சௌகரியம், யாருக்கும் தெரியவும் தெரியாது என்ற இடத்தில்தான் ஒருவனுடைய நேர்மை எத்தனை பலம் உள்ளது என்று தெரிகிறது. ஒரு கேஸ்கெட்டின் விலையும் ஒரு பகல் வேலையும்; கடன் அவ்வளவுதான். யாருக்குப் பட்ட கடன் என்று முகம் தெரியாததால், அது கடனில்லை என்று ஆகிவிடாது.