தெரியாமல் தின்னும் எண்ணெய்

மாலை ஏழு மணிக்கு மேல் தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் சத்தம் கேட்கும். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன். இட்லிக்கடை இருந்த இடங்களிலும் இன்று ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கிறது. இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் 10 கோடிக்கும் மேல் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு. பழியை முழுக்க இந்தக் கடைகள்மேல் போடுவது நியாயமல்ல. தட்டு நிறையச் சோறும், உட்கார்ந்தே செய்யும் வேலையும், பரம்பரையும் சேர்ந்த கணக்கு அது. கடைகளுக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் பொய்.

விரும்பித்தானே தின்கிறார்கள், யாரைக் குறை சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. விருப்பம் என்று சொல்ல வேண்டுமானால், எதை விரும்புகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். உப்பும் காரமும் நாக்குக்குத் தெரியும். சட்டியில் கொதிப்பது இன்று ஊற்றிய எண்ணெயா, முந்தாநாள் பொரித்து வடிகட்டியதா என்பது தெரியாது. மசாலாவும் செந்நிறமும் அதை மறைத்துவிடும். திரும்பத் திரும்பக் கொதிக்கும் எண்ணெய் சிதைகிறது. அந்தச் சிதைவை அளக்கும் துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. டியூஷன் முடிந்து பசியோடு வரும் பிள்ளையின் கையில் அதை அளக்கும் கருவி இல்லை. தெரியாமல் தின்பவரைக் குற்றவாளியாக்குவது அறமாகாது.

அப்படியானால் குற்றம் வண்டிக்காரருடையதா? தண்டலுக்குப் பணம் வாங்கி, அன்றாடம் வட்டி கட்டி, எண்ணெய் விலை ஏறும்போதும் பிளேட் விலையை ஏற்ற முடியாமல் நிற்பவர் அவர். மிஞ்சிய எண்ணெயைக் கொட்டினால் அன்றைய லாபத்தையும் சேர்த்துக் கொட்டியதாகிவிடும். இது அவர் செய்வதைச் சரியாக்கிவிடாது. ஆனால் தண்டனை மட்டும் தீர்வாகாது என்பதற்கு இது போதுமான காரணம்.

கேரளம் 2016-இல் பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் தெருவோரப் பரோட்டாவை அந்த வரி தொடவில்லை. மறு ஆண்டே ஜிஎஸ்டி வந்ததும் வரியும் போய்விட்டது. எண்ணெய் விதியிலும் இதே ஓட்டைதான். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் இடங்கள்தான் பதிவேடு வைக்க வேண்டும். ஐந்து லிட்டர் ஊற்றும் வண்டியை அந்தப் பதிவேடு பார்ப்பதில்லை. பெரிய சமையலறையில் கழித்த எண்ணெய் மலிவு விலைக்கு வந்து சேருவதும் இத்தகைய சிறு கடைகளுக்குத்தான்.

பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலாக்க வாங்கும் ஏற்பாடு நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. நகராட்சிகள் அதை வண்டிகள்வரை கொண்டுவர வேண்டும். இரவு கடை மூடும் நேரத்தில் ஒரு ஆள் வந்து, மிஞ்சிய எண்ணெயை அளந்து, கையோடு காசு கொடுத்து எடுத்துப் போகட்டும். அதற்குப் பிறகும் பழைய எண்ணெயை ஊற்றுபவருக்கு அபராதம் போடலாம்.