கையாலாகாமை

‘கையாலாகாதவன்’ என்பது ஒருவனை இகழ்தற்கு வழங்கும் சொற்களுள் ஒன்று. பொறியியல் பயிலும் மாணாக்கர் மிகுந்த எம் பொத்தேரியிலும், தேர்விற் பிழைத்த இளைஞரை நோக்கிப் பெரியோர் இதனை எளிதின் மொழியக் கேட்கின்றோம். இவ்வழக்குச் சொற்பொருளோடும் சித்தாந்தத்தோடும் ஒக்குமோ என ஈண்டு ஆராய்வாம்.

இச்சொல் ‘கையால் ஆகாதவன்’ எனப் பிரியும். ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமையுருபு; கருவி, கருத்தா என்னும் இருபொருளிலும் வரும். ‘என்னால் ஆகாது’ என்புழிக் கருத்தா. ‘கையால் ஆகாது’ என்புழிக் கருவி. ஆகவே, சொல்லமைப்பு மறுப்பது கருவியின் தொழிலையே. உயிரின் ஆற்றலை அன்று. உலகவழக்கோ கருவியின் குறையை உயிர்மேல் ஏற்றிற்று.

நம் நூல்கள் உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உண்டென்றும், அவற்றை ஆணவமலம் மறைக்குமென்றும், கலை என்னும் தத்துவம் அம்மறைப்பைச் சிறிதே நீக்கிக் கிரியையை விளக்குமென்றும் கூறும். கையோ கன்மேந்திரியம் ஐந்தனுள் ஒன்று. ஆகலின் மாட்டாமை மறைப்பின் காரியமே யன்றி உயிரின் இயல்பன்று.

அற்றேல், ஆணவம் அநாதியாகலின் மாட்டாமையும் உயிர்க்கு இயல்பே யாகாதோ எனின், ஆகாது. களிம்பு செம்பொடு உடன்தோன்றியதேனும், குளிகையால் நீங்குதலின் செம்பின் இயல்பாகாமை காண்க.

இதற்குத் தண்டியடிகள் வரலாறே சான்று. பிறவிக்குருடராகிய அவர், திருவாரூர்க் குளத்தின் அகத்தும் புறத்தும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். சமணர் இகழ்ந்தனர்; தறியையும் மண்வெட்டியையும் பறித்தனர். அடிகள் இறைவன்பால் முறையிட்டார். திருவருளாற் கண்ணும் பெற்றார். கண் பெற்றபின் அவர் தொண்டு தொடங்கினாரல்லர். கண்ணில்லாக் காலத்தே கையாற் செய்தார் என்பது கருதத்தக்கது.

எனின், ‘எம்மால் ஆவது யாதுமில்லை’ என அடியார் கூறுதல் என்னை? அது தற்போதம் ஒழிந்து திருவருளைச் சார்ந்து நிற்கும் நிலை. தொழிலைக் கைவிடும் மடியன்று. அம்மொழி ஒருவன் இறைவன் திருமுன்னர்த் தன்னை நோக்கிக் கூறிற் பணிவாம். பிறனை நோக்கிக் கூறின், அவனுள் நின்று கலையால் விளக்கும் திருவருளையே மறுத்ததாய் முடியும். மாணாக்கன் கை தடுமாறுமிடத்து ஆசிரியர் செயற்பாலது இகழ்தலன்று. அவன் பற்றி நடக்கக் கயிறு கட்டிக் கொடுத்தலேயாம்.