முகம் தெரியும், பெயர் தெரியாது

1908-இல் நியூயார்க்கின் பயோகிராப் படக் கம்பெனி ஒரு இளம்பெண்ணை நடிக்க எடுத்தது. வாரச் சம்பளம் 25 டாலர். அதற்கு முன் வைட்டாகிராப் என்ற படக் கம்பெனியில் அவர் வாங்கியது 20. அங்கே நடித்தால் மட்டும் போதாது, உடைகளும் தைத்துக் கொடுக்க வேண்டும். கனடாவின் ஹாமில்டனில் பிறந்து, அம்மாவின் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ச் சிறுவயதிலேயே மேடையேறியவர் அவர்: ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ்.

கிரிஃபித் இயக்கிய சின்னச் சின்ன மௌனப் படங்களில் வாராவாரம் அந்த முகத்தைப் பார்த்த சனங்களுக்கு அது பழகிப்போயிற்று. பெயர் மட்டும் தெரியாது. நடிகர் பெயரைத் திரையில் போடும் வழக்கம் அந்தக் கம்பெனிக்கு இல்லை. யார் அந்தப் பெண் என்று கடிதம் எழுதிக் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். 'பயோகிராப் கேர்ள்' என்று ரசிகர்களே ஒரு பட்டம் கட்டினார்கள். பெயர் வெளியே வந்தால் சம்பளம் ஏறும் என்பது முதலாளிகளின் பயம். அந்தப் பயம் வீண் என்று சொல்லிவிட முடியாது. பின்னால் அப்படியேதான் நடந்தது.

அவரும் கணவர் ஹாரி சால்டரும் வேறு வேலை கேட்டு எஸ்ஸனே கம்பெனிக்கு எழுதினார்கள். எஸ்ஸனேயும் பயோகிராபும் படக் கம்பெனிகளின் ஒரே கூட்டமைப்பில் இருந்தவை. செய்தி கைமாறியது, இருவருக்கும் வேலை போயிற்று.

கூட்டமைப்போடு மல்லுக்கு நின்ற கார்ல் லெம்லே அவரைத் தன் ஐ.எம்.பி. கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். 1910 மார்ச்சில் லெம்லே ஒரு விளம்பரம் கொடுத்தார்: டிராம் மோதி மிஸ் லாரன்ஸ் இறந்துவிட்டதாக எதிரிகள் கிளப்பிய கதை சுத்தப் பொய்; அவர் நலமாக இருக்கிறார், எங்கள் படங்களில் நடிக்கிறார். அந்தக் கதையைக் கிளப்பிவிட்டதே லெம்லேதான் என்று எழுதியவர்கள் பலர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உயிரோடு இருப்பதைக் காட்ட செயின்ட் லூயிஸ் நகருக்கு அவரை அழைத்துப் போனார்கள். பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

ஆக, ஒரு நடிகையின் சொந்தப் பெயர் ஊரறிய வெளிவந்ததே ஒரு சாவுப் புரளியின் தயவில். அந்தப் பெயரும் இன்னொரு முதலாளியின் சரக்கை விற்கத்தான் வந்தது. பழைய பட்டமோ கூடவே வரவில்லை. குடியிருந்தவர் காலி செய்தாலும் கதவிலக்கம் வீட்டோடு இருப்பதுபோல, அது பயோகிராபிலேயே தங்கியது. அடுத்து அங்கே பிரபலமான மேரி பிக்ஃபோர்டை ரசிகர்கள் அதே பட்டத்தால் அழைத்தார்கள். பிக்ஃபோர்ட் கெட்டிக்காரர். தன் பெயருக்கு என்ன விலை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டு கேட்டு வாங்கினார்.

லாரன்ஸுக்கு அந்த நேரம் வாய்க்கவில்லை. படப்பிடிப்புத் தீயில் காயம், இடைவெளி, மறதி. 1936-இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ பழைய நட்சத்திரங்கள் சிலருக்குத் துண்டு வேடங்கள் கொடுத்தது. வாரம் 75 டாலருக்கு அவரும் போய் நின்றார். 1938 டிசம்பரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

பெயர் விட்டுப்போனது திரையில் மட்டுமல்ல. அவருக்குக் கார் என்றால் கொள்ளை ஆசை. பொத்தானை அழுத்தினால் காரின் பின்னால் கை போல ஒன்று நீண்டு திரும்பும் திசையைக் காட்டவும், பிரேக்கை மிதித்தால் 'நில்' என்ற பலகை எழவும் 1914 வாக்கிலேயே வழி கண்டிருந்தார். காப்புரிமை வாங்கவில்லை. அவருடைய அம்மா அந்த விஷயத்தில் உஷார். கார்க் கண்ணாடியை மின்சாரத்தால் துடைக்கும் சாதனம் ஒன்றுக்கு 1917-இல் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். பெயரெல்லாம் சரியாகத்தான் பதிவாகியிருந்தது. சாதனம்தான் விற்கவில்லை.