காலனைப் பார்த்துச் சிரித்தவள்

புதுமைப்பித்தனின் 'காலனும் கிழவியும்' கதையில், மருதாயி என்ற கிழவியின் உயிரைக் கொண்டுபோக யமனே நேரில் வருகிறான். அவள் பதறவில்லை. வேற்றூரிலிருந்து வந்த ஆளிடம் பேசுவதுபோல் அவனிடம் பேச்சுக் கொடுக்கிறாள். உடலிலிருந்து உயிரை உன்னால் பிரிக்க முடியும், இருந்த ஒன்றை அடியோடு இல்லாமல் ஆக்க முடியுமா என்ற பொருள்பட அவள் கேட்கையில் காலன் கலங்கிப்போகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. மரணம் வாசலில் நிற்கும்போது சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தார். வாழ்க்கை அவற்றை அப்படிப் பிரித்து வைப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே செயங்கொண்டார், கலிங்கப் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைப்பதைப் பாடினார். அங்கே பார்ப்பனப் பேய் உண்டு, சமணப் பேய் உண்டு, குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் உண்டு. பந்தி நடக்கிறது, கேலி பறக்கிறது. அந்தக் கற்பனையின் வீரியத்தை வியக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் அது வென்றவர்களின் சிரிப்பு. கூழாகிப்போனவனுக்கு அதில் பங்கில்லை.

நவீனச் சிறுகதை செய்த பெரிய காரியம், அந்தச் சிரிப்பை இடம் மாற்றியதுதான். 1915இல் வெளிவந்த காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில், பூச்சியாகிவிட்ட கிரிகோர் சாம்சா தன் உடலைவிட, தவறவிட்ட ரயிலுக்காகவே அதிகம் கவலைப்படுகிறான். நகைப்பும் நடுக்கமும் அந்த ஒரே கவலையில்தான் பிறக்கின்றன. பிறருடைய அழிவைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை என்றால், தன்னை அழிக்க வந்ததைத் தானே நிமிர்ந்து பார்த்து, அதன் வல்லமை எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டு சிரிப்பது, அச்சத்தை மறுப்பதோ மறைப்பதோ ஆகாமல், அச்சத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு மனிதன் தன் இருப்பை உறுதிசெய்துகொள்ளும் விடுதலையாகிறது. மருதாயி சாகாவரம் பெற்றவள் அல்ல. காலன் இன்னொரு நாள் வருவான் என்பது அவளுக்கும் தெரியும்.

இந்த விடுதலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதையும் எழுதியவர் புதுமைப்பித்தனே. 1943இல் வந்த 'காஞ்சனை'யின் கதைசொல்லி ஓர் எழுத்தாளன். கற்பனையே அவன் தொழில். மனைவியோடு அவன் பேசும் வேடிக்கைப் பேச்சு அந்த வீட்டைக் கலகலப்பாக்குகிறது. அதே வீட்டில்தான் இரவில் பிணவாடை எழுகிறது. வேலைக்கு வந்தவள் பேயா, எல்லாம் மனமயக்கமா என்பதைக் கதை கடைசிவரை சொல்வதில்லை. எழுத்தாளனின் சிரிப்பு தன் புத்தியை நம்பி எழுந்த சிரிப்பு. புத்தி தடுமாறிய இரவில் அவனிடம் அது இல்லை.